ஸ்குவாட்டில் குதிக்கால் எழும்பியதும் முழங்கால் சாய்ந்ததும்

பண்ணைப் பக்கம் ஓடி நிறையைக் குறைத்த பிறகு ஜிம்முக்குப் போனால், பார்பெல் ஸ்குவாட்டில், அதாவது பார் எனும் இரும்புக் கம்பியைத் தோளில் வைத்துக் குந்தி எழும்புவதில், சிக்கல். 20 கிலோ வெறும் பார்தான். கீழே போகும்போது குதிக்கால் எழும்பும், முழங்கால் உள்ளே சாயும், மறுநாள் நாரி பிடிக்கும்.

பாரை வைத்துவிட்டு 10 கிலோ டம்பெல்லை நெஞ்சோடு பிடித்துச் செய்தேன். நாரி நோ குறைந்தது, குதிக்கால், முழங்கால் ஆட்டம் நிற்கவில்லை. இடுப்புப் பட்டியும் உதவவில்லை.

பின்னாலிருந்து எடுத்த வீடியோவில் விஷயம் பிடிபட்டது. பாரம் ஏறியதும் ஓட்டச் சப்பாத்தின் மெத்தென்ற அடி உள்பக்கமாக நசிந்து, பாதத்தையும் கூடவே சாய்க்கிறது. ஓடும்போது அதிர்வைத் தாங்கத்தான் அந்த மென்மை. பாரத்தோடு கால் ஊன்ற அது சரிவராது.

தட்டையான றப்பர் அடி உள்ள கன்வஸ் சப்பாத்துக்கு மாறியதும் முழங்கால் நேராக வந்தது. குதிக்கால் மட்டும் இன்னும் கொஞ்சம் எழும்பியது. இரண்டு குதிக்கால்களின் கீழும் ஒவ்வொரு 1.25 கிலோ தட்டு வைத்ததோடு அதுவும் தீர்ந்தது. பெரிய நிம்மதி.

இப்போது கிழமைக்கு மூன்று நாள், 5 தடவை வீதம் 3 செட் (சுற்று), ஒவ்வொரு நாளும் 2.5 கிலோ கூட்டல். செட்டுகளுக்கிடையே 3 நிமிட ஓய்வு கட்டாயம். ஓட்டப் பழக்கத்தில் மூச்சு வாங்க வாங்க அடுத்ததைத் தொடங்கினால் கடைசித் தடவைகளில் முதுகு வளைந்துவிடும்.