சென்னை மருமகளுக்கு ஓசிஐ அட்டை: நான் விண்ணப்பித்த முறை

நான் பினாங்கில் பிறந்த மலேசியத் தமிழச்சி, கணவர் மயிலாப்பூர்க்காரர். விசா நீட்டிப்புக்காக அலைந்தது போதும் என்று ஓசிஐ (Overseas Citizen of India) அட்டைக்கு விண்ணப்பித்தேன். அது வாழ்நாள் விசா, குடியுரிமை அன்று. வாக்குரிமை கிடையாது, விவசாய நிலம் வாங்க முடியாது. மலேசியக் குடியுரிமை அப்படியே இருக்கும்.

முதல் படி, தகுதி. இந்தியரை மணந்த அயல்நாட்டவரின் திருமணம் பதிவாகி, விண்ணப்பிக்கும் நாள்வரை தொடர்ந்து 2 ஆண்டுகளாவது நிலைத்திருக்க வேண்டும். பாகிஸ்தான், வங்கதேசப் பூர்விகம் உள்ளவர்களுக்கு இது கிடைக்காது.

இரண்டாவது படி, பெயர். நான் இடறியது இங்கேதான். என் பாஸ்போர்ட்டில் என் பெயருக்கும் அப்பா பெயருக்கும் நடுவில் ‘ஏ/பி’ இருக்கிறது. மலாயில் ‘அனாக் பெரெம்புவான்’, அதாவது இன்னாரின் மகள். திருமணச் சான்றிதழில் அது விடுபட்டு, அப்பா பெயர் வெறும் இனிஷியலாகச் சுருங்கியிருந்தது. நம் ஊரில் இரண்டும் ஒன்றுதான். கோப்பில் இரண்டும் இரு வேறு பெண்கள். இருவரும் ஒருவரே என்று நோட்டரி முன்னிலையில் பிரமாணப் பத்திரம் எழுதி இணைத்த பிறகே விண்ணப்பம் நகர்ந்தது. இனிப் பதிவு செய்யப்போகிறவர்கள், சார்பதிவாளர் அலுவலகத்தில் கையெழுத்திடும் முன் பாஸ்போர்ட்டைப் பக்கத்தில் வைத்து எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். கணவரின் பாஸ்போர்ட்டில் இனிஷியல் முழுப் பெயராக விரிந்திருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

மூன்றாவது, இணையப் படிவம். புகைப்படம் சதுரமாகவும், கையெழுத்துப் படம் உயரத்தைப்போல் மூன்று மடங்கு அகலமாகவும் இருக்க வேண்டும். கைப்பேசிச் செயலிகளை நான் நம்புவதில்லை. நிழல் விழுகிறது, ஓரம் வளைகிறது. தெருமுனை ஜெராக்ஸ் கடையின் ஸ்கேனரே மேல்.

பிறகு அசல் ஆவணங்களுடன் ஹாடோஸ் சாலை சாஸ்திரி பவன் வளாகத்திலுள்ள அயல்நாட்டவர் பதிவு அலுவலகத்துக்குப் போனோம். இந்தியாவிலிருந்து விண்ணப்பித்தால் கட்டணம் 15,000 ரூபாய். திருமணவழி விண்ணப்பத்துக்குப் பாதுகாப்பு ஒப்புதல் கட்டாயம். விசாரிக்க வீட்டுக்கு வந்த காவலர் பக்கத்து வீட்டு அம்மாவிடமும் பேசினார். அதற்காகப் பதற்றப்பட வேண்டாம். அட்டை கைக்கு வரும்வரை பழைய விசா காலாவதியாகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பின்சேர்க்கை: பாஸ்போர்ட் மாறினால் அட்டையும் மாற்ற வேண்டுமா என்று ஈப்போவிலிருந்து ஒரு சகோதரி கேட்டிருந்தார். வேண்டாம். ஆனால் புதிய பாஸ்போர்ட் பெற்ற 3 மாதத்துக்குள் அதன் நகல், புகைப்படம், திருமணம் நீடிக்கிறது என்ற உறுதிமொழி மூன்றையும் விண்ணப்பித்த அதே இணையதளத்தில் பதிவேற்ற வேண்டும். இதற்குக் கட்டணம் இல்லை.