மலைச்சாலை விபத்து: டேப்போடு ரசமட்டமும் எடுத்துப் போங்கள்

குன்னூரில் இன்சூரன்ஸ் சர்வேயராக இருக்கிறேன். மேட்டுப்பாளையம் சாலை, கல்லட்டி இறக்கம் இரண்டிலும் என்னைக் கோபப்படுத்துவது ஒன்றுதான்: சமவெளிக் கணக்கை அப்படியே மலைக்குப் போட்டு, டிரைவர் தலையில் இல்லாத வேகத்தைக் கட்டிவிடுவது. உங்கள் வண்டி சிக்கியிருந்தால், அடிபட்டவர்களை ஆஸ்பத்திரிக்கு அனுப்பியதும் மழைக்கு முன்னால் அளந்துவிடுங்கள்.

பிரேக் போட்டதும் சாலையில் விழும் டயர் தடத்தை டேப் வைத்து அளந்து, கொண்டை ஊசி எண் பலகையும் தெரியும்படி படம் எடுங்கள். அப்புறம் சரிவு. ஒரு மீட்டர் சட்டத்தின் ஒரு முனையை மேட்டுப் பக்கம் சாலையில் ஊன்றி, மேலே ரசமட்டம் (கொத்தனார் மட்டம் பார்க்கும் குமிழிக் கருவி) வைத்து, குமிழி நடுவில் வரும்வரை மறுமுனையைத் தூக்குங்கள். அந்த முனைக்குக் கீழே 10 சென்டிமீட்டர் இடைவெளி இருந்தால் சரிவு 10 சதவீதம்.

தட நீளம் மீட்டரில், உராய்வு எண் (டயரைச் சாலை எவ்வளவு பிடிக்கிறது என்பது), 254 மூன்றையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் மணிக்கு இத்தனை கிலோமீட்டர் என்று வேகம் வரும். காய்ந்த தாருக்கு உராய்வு எண் சுமார் 0.7. 20 மீட்டர் தடத்துக்கு 60 கி.மீ. ஆனால் இறக்கத்தில் உராய்வு எண்ணிலிருந்து சரிவைக் கழிக்க வேண்டும்; 10 சதவீதம் என்றால் 0.1. அது 0.6 ஆகி, வேகம் 55 ஆகிறது. சாலை நனைந்திருந்து 0.4 என்று வைத்தால், கழித்தபின் 0.3. அதே 20 மீட்டர் இப்போது 39 கி.மீ. தான்! தடம் முடியும் இடத்தில் வண்டி தானாக நின்றிருந்தால்தான் இது முழு வேகம். எதிலாவது மோதி நின்றிருந்தால் இது குறைந்தபட்சம் மட்டுமே.

'பிரேக் பிடிக்கலை' என்று டிரைவர் சொன்னால் உடனே தள்ளிவிடாதீர்கள். வேனிலோ காரிலோ மேட்டுப்பாளையம் சாலையில் பர்லியார் வரை பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால், சூட்டில் பிரேக் ஆயில் கொதித்து பெடல் உள்ளே போய்விடும். டாட் 3 என்ற வகை பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்கும். ஈரம் ஏறினால் 140 வரை இறங்கிவிடலாம். மறுநாள் பிரேக் இன்ஸ்பெக்டர் வரும்போது எல்லாம் ஆறி, பெடல் சரியாக நிற்கும். 'இயந்திரக் கோளாறு இல்லை' என்று எழுதுவார். அவர் பார்த்தவரை அது உண்மைதான். அதனால் பிரேக் டிரம்மைக் கழற்றிப் பார்க்கச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். டிரம் நீலம் பாரித்திருக்கிறதா, லைனிங் கண்ணாடியாய் மின்னுகிறதா என்று குறிக்கச் சொல்லுங்கள். ஆயிலைச் சாட்சிகள் முன்னால் சுத்தமான பாட்டிலில் எடுத்து சீல் வைக்க வேண்டும்.

கிரேன் வருவதற்குள் கியர் லிவரைப் படம் எடுங்கள். நாலாவது கியரில் இறங்கியிருந்தால் அதுவும் தெரியட்டும். நமக்குச் சாதகமானதை மட்டும் பொறுக்கினால் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் எதிர்த்தரப்பு வக்கீல் நிமிடத்தில் பிரித்துவிடுவார்.

பனிமூட்டத்தில் லைட் எரிந்ததா என்ற சண்டைக்கு, பழைய வகை பல்பைக் கழற்றிப் பத்திரப்படுத்துங்கள். எரியும்போது மோதியிருந்தால் சூடான இழை பெரும்பாலும் இழுபட்டு வளைந்திருக்கும்.

டீக்கடை கேமரா பதிவுகள் சில நாளில் அழிந்துவிடும். அன்றே நகல் வாங்குங்கள். 2023 பாரதிய சாக்ஷிய சட்டத்தின் 63ஆம் பிரிவுப்படி, மின்னணுப் பதிவைச் சாட்சியமாக ஏற்பதற்கான சான்றிதழும் வேண்டும். இழப்பீட்டு மனுவுக்குச் சட்டம் தரும் கெடு ஆறு மாதம்.