பினாங்குல கப்பல் நிக்கிறப்போ டூர் பேக்கேஜ் வேணாமே

சிங்கப்பூர்ல இருந்து க்ரூஸ் போறவங்களுக்கு ஒரு சின்ன டிப். மலேசியாவோட பினாங்குல கப்பல் ஸ்வெட்டன்ஹாம் பியர்லதான் (கப்பல் துறை) நிக்கும், அதுவே ஜார்ஜ்டவுன் ஊருக்குள்ளதான் இருக்கு, அதனால கப்பல்ல விக்கிற டூருக்கு காசு கொட்டாதீங்க. வெளிய வந்ததும் டாக்ஸிக்காரங்க சூழ்ந்துக்குவாங்க, சிரிச்சுட்டே நடந்துடுங்க. எதிர்லயே விக்டோரியா மணிக்கூண்டு, 60 அடி, ராணியோட 60 வருஷ ஆட்சிக்கு வருஷத்துக்கு ஒரு அடின்னு கட்டுனது. பக்கத்துலயே கார்ன்வாலிஸ் கோட்டை. அங்கிருந்து பொடிநடையா போனா லிட்டில் இந்தியா, தமிழ்லயே வழி கேட்டுக்கலாம், குயின் ஸ்ட்ரீட் மாரியம்மன் கோயில் 1833ல கட்டுனது, மத்தியானம் நடை சாத்திருப்பாங்க அதனால காலையிலயே பாத்துடுங்க. அப்புறம் ஒரு நாசி கண்டார், அதாவது சோத்தோட பல குழம்பு ஊத்தித் தர்ற சாப்பாடு, குழம்பை எல்லாம் கலந்து ஊத்தச் சொல்லுங்க, அதுதான் ருசியே.

பினாங்கு ஹில் போகணும்னா வெல்ட் கீ ஜெட்டி பஸ் ஸ்டாண்ட்ல 204 நம்பர் பஸ் ஏறுங்க, ரிங்கிட் சில்லறையா வச்சுக்கோங்க. ஆனா முழு நாள் கப்பல் நின்னா மட்டும்தான் இது, அரை நாள்னா ஹில்லை மறந்துடுங்க, மேல போற ரயிலுக்கு க்யூவுலயே நேரம் போயிடும். திரும்ப வர கிராப் ஆப்ல கார் புக் பண்ணலாம், அதுக்கு போன்ல நெட் இருக்கணும்.

முக்கியமா, கப்பல் கிளம்புற நேரம் வேற, எல்லாரும் ஏறியிருக்க வேண்டிய நேரம் வேற. இறங்குறப்பவே அந்த ஏற வேண்டிய நேரம் போட்டிருக்கிற போர்டை ஒரு போட்டோ எடுத்துக்கோங்க. நீங்களா சுத்தப் போய் லேட்டானா கப்பல் உங்களுக்காக நிக்காது.