காவடி விரதமும் என் வார்ஃபரினும்

46 வயதில் இதயத்தின் மைட்ரல் வால்வு மாற்ற வேண்டி வந்தது. திசு வால்வு 10, 15 வருடத்தில் தேயலாம் என்றார்கள். மறுபடி நெஞ்சைத் திறக்க வேண்டாமென்று இயந்திர வால்வே போதும் என்றேன். அதற்காக ஆயுசு முழுக்க வார்ஃபரின், இரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை. இரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐஎன்ஆர் அளவு எனக்கு 2.5க்கும் 3.5க்கும் நடுவில் நிற்க வேண்டும்.

தைப்பூசக் காவடிக்கு மொரிஷியஸ் ரோஸ்ஹில் ஊரில் உள்ள வீட்டில் 10 நாள் விரதம். தினமும் முருங்கைக்கீரை, ஒருநாள் பொரியல், ஒருநாள் சாறு. முடிந்து சோதித்தால் 1.7! மாத்திரை ஒன்றுகூடத் தவறவில்லை. கீரையிலுள்ள வைட்டமின் கே மருந்தை அமுக்கிவிட்டது. வால்வில் இரத்தம் உறைந்தால் பக்கவாதம் வரை போகும். அன்று ராத்திரி நெஞ்சுக்குள் கேட்கும் டிக், டிக்கையே எண்ணிக்கொண்டு கிடந்தேன்.

டாக்டர் மருந்தளவை மாற்றினார், கீரையை விடச் சொல்லவில்லை. இப்போது தினம் ஒரு சின்னக் கிண்ணம், விரதத்திலும் அதே அளவு. நடுவில் ஒரு சோதனை. இந்த வருடம் 2.9.