பெட்ரோல் விலை: பங்க் பையனிடம் சண்டை போடுவதற்கு முன்

கச்சா எண்ணெய் விலை சரிந்தது என்று டிவியில் செய்தி ஓடிய மறுநாள், தர்மபுரியில் ஒரு பங்கில் பெட்ரோல் போடும் பையனிடம் ஒருவர் கத்திக்கொண்டிருந்தார். "உலகமே குறைச்சிருச்சு, நீங்க மட்டும் ஏன் குறைக்கல?" பையன் பதிலுக்கு எதுவும் பேசவில்லை. "ஜீரோ பாத்துக்கங்கண்ணா" என்று மீட்டரைக் காட்டிவிட்டு நாசிலை எடுத்தான்.

அவன் மேல் கோபப்படுவதுதான் நாம் செய்யும் முதல் தப்பு. பங்க் முதலாளிக்கே லிட்டருக்கு நான்கு ரூபாயை ஒட்டித்தான் கமிஷன். விலையை முடிவு செய்வது எண்ணெய் கம்பெனி. 2017 ஜூன் 16 முதல், மாற்றம் இருந்தால் அது காலை ஆறு மணிக்கு அமலுக்கு வருகிறது.

அடுத்தது, கச்சா எண்ணெய் பத்து சதவீதம் இறங்கினால் பெட்ரோலும் பத்து சதவீதம் இறங்க வேண்டும் என்று நினைப்பது. ஒரு பீப்பாய் என்பது சுமார் 159 லிட்டர். அதை டாலரில் வாங்குகிறோம். ரூபாய் மதிப்பு சரிந்தால் இறக்கத்தில் ஒரு பங்கு அங்கேயே கரைந்துவிடும். சுத்திகரிப்பு, லாரி வாடகை எல்லாம் சேர்ந்த பிறகு மத்திய கலால் வரி வருகிறது. அது சதவீதம் இல்லை, லிட்டருக்கு இத்தனை ரூபாய் என்ற கணக்கு. கச்சா எண்ணெய் இறங்கினாலும் அது தானாக இறங்காது.

2020-ஐ நினைத்துப் பாருங்கள். ஏப்ரல் 20 அன்று அமெரிக்கச் சந்தையில் கச்சா எண்ணெய் விலை பூஜ்ஜியத்துக்கும் கீழே போனது. நமக்கு என்ன கிடைத்தது? மே மாதம் மத்திய அரசு கலால் வரியை பெட்ரோலுக்கு 10 ரூபாயும் டீசலுக்கு 13 ரூபாயும் ஏற்றியது. தமிழக அரசும் அதே மாதம் தன் விற்பனை வரியான வாட் வரியை மாற்றியதில் இங்கே பெட்ரோல் 3 ரூபாய்க்கு மேல் கூடியது. ஊரடங்கில் வருமானம் இழந்த அரசுகளுக்குப் பணம் தேவைப்பட்டது என்பது உண்மைதான். ஆனால் அந்தச் சரிவின் பலன் ஜனங்களுக்கு வந்து சேரவில்லை என்பதும் உண்மை.

விலை அசையாமல் இருந்தால் எல்லாம் நன்றாக இருக்கிறது என்று நம்புவதும் தவறு. 2021 நவம்பர் தொடக்கத்திலிருந்து நான்கரை மாதம் கம்பெனிகள் விலையைத் தொடவே இல்லை. இடையில் உக்ரைன் போர் வந்து கச்சா எண்ணெய் 100 டாலரைத் தாண்டியது. அப்புறம் 2022 மார்ச் 22 முதல் இரண்டே வாரத்தில் லிட்டருக்கு ஏறக்குறைய பத்து ரூபாய் ஏற்றிவிட்டார்கள், பெரும்பாலும் ஒரு நாளைக்கு 80 பைசா வீதம். அந்த நாட்களில் ராத்திரி வரிசையில் நின்று தண்ணீர் பாட்டிலில் பெட்ரோல் பிடித்துப் போனவர்களைப் பார்த்திருக்கிறேன். ஐந்து லிட்டருக்கு மிச்சம் நான்கு ரூபாய். அதற்காக வீட்டுக்குள் நெருப்பைக் கொண்டுபோய் வைக்காதீர்கள், தயவுசெய்து.

நம் தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கத்துக்கே உரிய தவறு ஒன்று இருக்கிறது. ஓசூரில் எங்கள் மாமா பல வருஷமாக அத்திப்பள்ளி போய்த்தான் பைக்குக்குப் பெட்ரோல் போடுவார், "கர்நாடகாவில் கம்மி" என்று. அது ஒரு காலத்தில் சரி. 2024 ஜூனில் கர்நாடக அரசு பெட்ரோல் விற்பனை வரியை 25.92 சதவீதத்திலிருந்து 29.84 ஆக்கியது. தமிழ்நாட்டு வரியோ 2021 ஆகஸ்ட் குறைப்புக்குப் பிறகு 13 சதவீதமும் லிட்டருக்கு 11 ரூபாய் 52 காசும்தான். ஆக, அந்த உயர்வோடு பெங்களூரு பெட்ரோல் சென்னையை விட இரண்டு ரூபாய் கூடிவிட்டது. மாமா அது தெரியாமல் மாசக்கணக்கில் போய்வந்தார். அங்கே மலிவாகவே இருந்தாலும், போக வர பதினைந்து கிலோமீட்டருக்கு முப்பது ரூபாய் பெட்ரோல் எரியுமே.

டீசல் கதை வேறு. 2024-ல் வரியை ஏற்றிய பிறகும் கர்நாடகாவில் டீசல் குறைவாகவே இருந்தது. ராயக்கோட்டையில் தக்காளி ஏற்றி பெங்களூரு போகும் வண்டிக்காரர் திரும்பும்போது அங்கேயே டேங்கை நிரப்பிக்கொண்டார் என்றால் அவர் கணக்கு சரி. எப்படியும் போகிற வழி, நிரப்புவது நூறு லிட்டருக்கு மேல்.

இன்னொன்று, பேப்பரில் வருவது சென்னை விலை. மணலியில் சுத்திகரிப்பு ஆலையை வைத்திருக்கும் ஊர் அது. அரூருக்கோ தேன்கனிக்கோட்டைக்கோ வந்து சேரும்போது வண்டிச் செலவு கூடும். அந்த வித்தியாசத்தை ஏமாற்று வேலை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். சந்தேகம் இருந்தால் அளவைக் கேளுங்கள். ஐந்து லிட்டர் அளவுக் குவளை எல்லா பங்கிலும் இருக்க வேண்டும், கேட்டால் உங்கள் கண் முன்னே பிடித்துக் காட்ட வேண்டும்.