லாங்லீஃப் பைன் காட்டில் திட்டமிட்டுத் தீ வைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவின் தென்கிழக்கில், வர்ஜீனியாவிலிருந்து டெக்சாஸ் வரை, ஒரு காலத்தில் சுமார் 9 கோடி ஏக்கரில், நீண்ட ஊசியிலைகள் கொண்ட லாங்லீஃப் பைன் மரங்களின் காடு இருந்தது. 20-ஆம் நூற்றாண்டின் முடிவில் சுமார் 30 லட்சம் ஏக்கர்தான் மிஞ்சியது. கோடரிக்கும் கலப்பைக்கும் தப்பிய காட்டையும் தீயில்லாமை கெடுத்தது. மின்னலும் பழங்குடி மக்களும் மூட்டிய தீ, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை தரையோடு ஓடிப் புதர்களை ஒடுக்கி வைத்திருந்தது. அதை அணைத்துக்கொண்டே இருந்ததால் ஓக் மரங்கள் அடர்ந்து, நிழலில் புல் அழிந்தது.

அந்தத் தீயைத் திரும்பக் கொண்டுவரும் அவசரத்தில்தான் பெரிய தவறு நடக்கிறது. முப்பது, நாற்பது ஆண்டுகள் எரியாத காட்டில் முதுமரங்களின் அடியைச் சுற்றி ஊசியிலையும் பட்டையும் மக்கி, மெத்தை போலக் குவிந்திருக்கும். ஈரம் தேடிப் பைனின் சல்லிவேர்கள் அந்த மக்குக்குள்ளேயே ஏறிவிடும். வறண்ட நாளில் தீ வைத்தால் மேலே ஓடும் தீ சில நிமிடங்களில் கடந்துவிடும். மக்கு மட்டும் மணிக்கணக்கில், சில இடங்களில் நாள்கணக்கில் கனன்று வேரையும் அடிப்பட்டையையும் வேகவைக்கும். அன்று பார்த்தால் மரம் பச்சையாக நிற்கும். மாதங்கள் கழித்துத்தான் சாகும். நூற்றாண்டுகளைக் கடந்த மரம் இப்படிப் போவது தாங்க முடியாத இழப்பு.

அதனால் இத்தகைய காட்டில் தீ வைக்கும் முன் மரத்தடியில் கையை விட்டுப் பாருங்கள். மேல் ஊசிகள் காய்ந்து, அடிமக்கு நனைந்திருக்க வேண்டும். மழை பெய்து சில நாள்கள் ஆன குளிர்காலப் பொழுது இதற்குச் சரியாக இருக்கும். முதல் சில தீகள் மேலடுக்கை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகச் சீவினால் போதும். பல ஆண்டுக் குவியலை ஒரே நாளில் எரித்துத் தீர்க்க நினைக்காதீர்கள். தீ முடிந்த பிறகு மரத்தடிகளில் புகை கிளம்புகிறதா என்று சுற்றிப் பார்த்து, கனலும் மக்கைத் தண்ணீர் விட்டு அணையுங்கள்.

ஒருமுறை எரித்துவிட்டு நிறுத்துவதும் தவறுதான். ஓக்கின் தண்டு கருகினாலும் வேர் சாகாது. ஒரு தண்டு இருந்த இடத்தில் பல தண்டுகள் துளிர்க்கும். இரண்டு, மூன்று ஆண்டுக்கு ஒருமுறை தொடர்ந்து எரித்தால்தான் அது அடங்கும். மக்கு குறைந்த பிறகும் குளிர்காலத்திலேயே எரித்துக்கொண்டிருக்கத் தேவையில்லை. இங்கே தரையை மூடும் வயர்கிராஸ் புல், வசந்தத்தின் பிற்பகுதியிலோ கோடைத் தொடக்கத்திலோ எரிந்தால்தான் நன்றாகப் பூத்து விதை தரும்.

அப்புறம் கன்றுகள். லாங்லீஃப் கன்று முதல் சில ஆண்டுகள் புல் கொத்து போலத் தரையிலேயே உட்கார்ந்து ஆணிவேரை வளர்க்கும். வளரவில்லையே என்று பயந்து தீயை விலக்காதீர்கள். நீண்ட ஊசிகள் நடுமொட்டைக் காக்கும். ஊசிகளைத் தாக்கும் பழுப்புப்புள்ளி நோயையும் தீ குறைக்கும். தண்டு விட்டு முழங்கால், இடுப்பு உயரத்துக்கு எழும்பும் பருவத்தில்தான் அது எளிதில் கருகும். அப்போது ஒரு சுற்றைத் தள்ளிப் போடலாம், அல்லது காற்றை எதிர்த்து ஊர்ந்து வரும் மெல்லிய தீயைப் பயன்படுத்தலாம்.

சிவப்புக்கொண்டை மரங்கொத்தி கூடு குடைந்த பைன்களில் தண்டு வழியே பிசின் வடிந்திருக்கும், சட்டென்று பற்றிக்கொள்ளும். அவற்றைச் சுற்றிச் சருகை முன்கூட்டியே அகற்றிவிடுங்கள்.

புகையைப் பகல் காற்றை மட்டும் வைத்துக் கணக்கிடக் கூடாது. இரவில் அது பள்ளங்களில் தங்கி மூடுபனியோடு கலக்கும். 2008 ஜனவரியில் ஃபுளோரிடாவின் ஐ-4 நெடுஞ்சாலையில் இப்படிப் பார்வை மறைந்து சுமார் 70 வண்டிகள் மோதின, உயிர்களும் போயின. மாநில அனுமதி வாங்கிய பிறகும், முதலில் ஒரு மூலையில் சோதனைத் தீ வைத்துத் தீயும் புகையும் போகும் போக்கைப் பாருங்கள்.

கடைசியாக, பலரும் கவனிக்காத ஒரு தவறு: மேட்டுக்காடும் சதுப்பும் சேரும் விளிம்பில் கலப்பையால் தீத்தடுப்புக் கோடு உழுவது. பூச்சியுண்ணும் குடுவைச் செடிகளுக்கு அந்த ஈர விளிம்பிலும் தீ வேண்டும். இருக்கும் பாதைகளையே எல்லையாக வைத்துக்கொண்டு, தீ ஈரத்தில் இறங்கித் தானாகவே அணைய விடுங்கள்.