த்ராட்டில் இல்லாமல் காற்றை அளப்பது: மல்டிஏர் எஞ்சினுக்கு ஒரு எக்செல் மாதிரி

சாதாரண பெட்ரோல் எஞ்சினில் காற்றை மட்டுப்படுத்துவது த்ராட்டில் தட்டு. 2009-ல் ஆல்ஃபா ரோமியோ மிட்டோவில் ஃபியட் கொண்டுவந்த மல்டிஏர் முறையில் அந்த வேலை இன்டேக் வால்வுக்கே போய்விட்டது. இந்தியாவில் விற்ற ஜீப் காம்பஸின் 1.4 லிட்டர் பெட்ரோல் எஞ்சினும் இந்த வகைதான். கேம் (சுழலும் முட்டை வடிவத் துண்டு) ஒரு சிறிய பம்ப்பை அழுத்தும். அதிலுள்ள எண்ணெய் வால்வைத் தள்ளித் திறக்கும். நடுவே இருக்கும் சோலனாய்டு (மின்சாரத்தில் இயங்கும் எண்ணெய் வால்வு) திறந்தால் எண்ணெய் விலகிவிடும், கேம் இன்னும் அழுத்திக்கொண்டிருந்தாலும் ஸ்பிரிங் வால்வை மூடிவிடும். ஆகவே இங்கே காற்றின் அளவு என்பது, வால்வு மூடும்போது பிஸ்டன் எவ்வளவு கீழே இறங்கியிருக்கிறது என்பதுதான். மேனிஃபோல்ட் (சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துத் தரும் குழாய்) அழுத்தத்தைப் பார்த்து லோடை, அதாவது எஞ்சினின் சுமையை, சொல்லும் பழைய கணக்கு பயன்படாது. குறைந்த லோடிலும் அந்த அழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்தை ஒட்டியே நிற்கும். அதனால் வால்வு மூடும் கோணத்திலிருந்து காற்றை எக்செலில் கணக்கிடுவோம்.

படி 1: சிலிண்டரின் கொள்ளளவு

போர் (சிலிண்டரின் விட்டம்) 72 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்) 84 மி.மீ. ஒரு சிலிண்டருக்கு 342 சி.சி. கணக்குக்காக கனெக்டிங் ராட் 129 மி.மீ., கம்ப்ரஷன் விகிதம் (மிக அதிகக் கொள்ளளவு ÷ மிகக் குறைந்த கொள்ளளவு) 10 என்று வைத்துக்கொள்வோம். பிஸ்டன் மேல் முனையில் இருக்கும்போது மிஞ்சும் இடம் 342 ÷ 9 = 38 சி.சி. கிராங்க் ஆரம் ஸ்ட்ரோக்கில் பாதி, 42 மி.மீ. கோணம் என்பது, பிஸ்டன் மேல் முனையை விட்டபின் கிராங்க் சுழன்ற அளவு.

பிஸ்டன் இறங்கிய தூரம் = ஆரம் + ராட் − ஆரம் × கொசைன்(கோணம்) − √(ராட்² − (ஆரம் × சைன்(கோணம்))²)

இதை பிஸ்டன் பரப்பால் (40.7 ச.செ.மீ.) பெருக்கி 38-ஐக் கூட்டுங்கள். தூரத்தை செ.மீ.-க்கு மாற்றிக்கொள்ள மறக்க வேண்டாம். எக்செல் கோணத்தை ரேடியனில்தான் கேட்கும். டிகிரியை அப்படியே கொடுத்தால் தாறுமாறான எண்கள் வரும். 60° = 144.8, 90° = 237.6, 120° = 315.8, 180° = 380 சி.சி. வந்தால் சரி. 90°-யில் பிஸ்டன் பாதி தூரத்தைத் தாண்டிவிட்டிருக்கும். ராட் சாய்வதால் அப்படி.

படி 2: உள்ளே வந்த புதுக்காற்று

மிஞ்சும் இடத்தில் பழைய புகை தங்கியிருக்கும். வால்வு திறந்ததும் அது மேனிஃபோல்ட் அழுத்தத்துக்கு விரிந்து இடத்தைப் பிடித்துக்கொள்ளும். அதைக் கழிக்க வேண்டும்.

புதுக்காற்று = அழுத்தம் ÷ (287 × வெப்பநிலை) × [மூடும்போதுள்ள கொள்ளளவு − 38 × (எக்ஸாஸ்ட் அழுத்தம் ÷ மேனிஃபோல்ட் அழுத்தம்)^(1 ÷ 1.4)]

287 என்பது காற்றின் வாயு மாறிலி, 1.4 அதன் வெப்ப விகிதம். மேனிஃபோல்ட் 1.00 பார், எக்ஸாஸ்ட் 1.05 பார், காற்று 310 கெல்வின் என்றால் அடர்த்தி ஒரு சி.சி.-க்கு 1.124 மி.கி.; புகை பிடிக்கும் இடம் 39.3 சி.சி. 60°-யில் மூடினால் 119 மி.கி., 90°-யில் 223, 120°-யில் 311, 180°-யில் 383. 90°-க்கு 2000 ஆர்.பி.எம்.மில் நாலு சிலிண்டரும் சேர்ந்து நொடிக்கு 14.9 கிராம். ஒரு சிலிண்டருக்கு பெட்ரோல் 223 ÷ 14.7 = 15.2 மி.கி. (14.7 என்பது முழுதாக எரிய ஒரு பங்கு பெட்ரோலுக்குத் தேவையான காற்று).

வால்வு மேல் முனையிலேயே திறக்கிறது என்று இந்தச் சூத்திரம் எடுத்துக்கொள்கிறது. தாமதமாகத் திறக்கும் முறையில் காற்று வேகமாகப் பாய்ந்து சூடேறும். அங்கே இது அதிகமாகக் காட்டும்.

படி 3: லாபம் எவ்வளவு?

அதே 223 மி.கி.யை த்ராட்டிலை வைத்து, 180°-யில் மூடி எடுக்க வேண்டுமானால் மேனிஃபோல்ட் அழுத்தம் 0.61 பாருக்கு இறங்க வேண்டும் (விடையிலிருந்து உள்ளீட்டைத் தேடும் எக்செலின் கோல் சீக் வசதி இதைக் கண்டுபிடித்துவிடும்). அழுத்த வித்தியாசத்தைக் கொள்ளளவால் பெருக்கினால், ஒவ்வொரு சுழற்சிக்கும் பம்ப்பிங் இழப்பு (காற்றை இழுத்துப் புகையைத் தள்ள வீணாகும் வேலை) ஒரு சிலிண்டருக்கு சுமார் 15 ஜூல். முன்கூட்டியே மூடும் முறையில் சுமார் 1.7 ஜூல்தான், மூடியபின் விரியும் காற்று, பிஸ்டன் ஏறும்போது அந்த வேலையை ஏறத்தாழத் திருப்பித் தந்துவிடும். 2000 ஆர்.பி.எம்.மில் மொத்த வித்தியாசம் கிட்டத்தட்ட 0.9 கிலோவாட். இது உராய்வில்லாத கணக்கு. எஞ்சினில் கொஞ்சம் குறையும்.

படி 4: மூடும் நேரம்

மாதிரி சறுக்குவது இங்கேதான். கட்டளை நேரமும் வால்வு உண்மையில் மூடும் நேரமும் ஒன்றல்ல. சோலனாய்டு விழ வேண்டும், எண்ணெய் வெளியேற வேண்டும், கடைசியில் வால்வு இருக்கையில் மோதாதபடி ஹைட்ராலிக் பிரேக் மெதுவாக்கும்.

தாமதக் கோணம் = 6 × ஆர்.பி.எம். × நொடி

2000 ஆர்.பி.எம்.மில் 1 மில்லி நொடி 12°. 90° அருகே ஒரு டிகிரிக்கு 3.35 மி.கி. மாறுவதால், அந்த 1 மில்லி நொடியைக் கணக்கில் விட்டால் காற்று 18 சதவீதம் தப்பாகும். 60°-யில் ஒரு டிகிரிப் பிழையே 2.9 சதவீதம், 120°-யில் 0.8 மட்டும். அதாவது லோடு குறையக் குறையத் துல்லியம் அதிகம் தேவை. குளிர்ந்த எண்ணெய் கெட்டியாக இருப்பதால், தாமதத்தை ஒரே எண்ணாக வைக்காமல் எண்ணெய் வெப்பநிலைக்கு ஏற்ற அட்டவணையாக வையுங்கள். மூடும் கோணமாக, வால்வு லிஃப்ட் (வால்வு திறந்திருக்கும் உயரம்) 1 மி.மீ.-க்குக் கீழே போகும் இடத்தை எடுத்தால் தொடக்கத்துக்குப் போதும்.

படி 5: வால்வு இடுக்கு வழியே பாய்வு

வேகம் கூடினால் சிலிண்டர் அழுத்தம் மேனிஃபோல்டை எட்டாது. அப்போது 0.1° இடைவெளியில் ஆரிஃபிஸ் சமன்பாட்டை (சிறு துளை வழியே பாயும் அளவைச் சொல்வது) கூட்டிக்கொண்டே போக வேண்டும். பரப்பு = 3.14 × வால்வு விட்டம் × லிஃப்ட். டிஸ்சார்ஜ் கோஎஃபிசியன்ட்டை (கணக்கிட்ட பாய்வில் உண்மையில் பாயும் பங்கு) 0.6 என்று தொடங்கலாம். அழுத்த விகிதம் (சிலிண்டர் ÷ மேனிஃபோல்ட்) 0.528-க்குக் கீழே போனால் பாய்வு சோக் ஆகிவிடும், அதற்கு மேல் கூடாது. விகிதம் 1-ஐ நெருங்கும்போது வர்க்கமூலத்தின் சரிவு எல்லையில்லாமல் ஏறி, கணக்கு மேலும் கீழும் ஆடும். 0.98-க்கு மேல் அதை நேர்கோடாக மாற்றுங்கள்; ஆட்டம் நின்றுவிடும்.

படி 6: சரிபார்த்தல்

நிலையான வேகத்தில் ஏர் ஃப்ளோ சென்சார் காட்டும் அளவோடு ஒப்பிடுங்கள். சென்சார் இல்லையென்றால் பெட்ரோல் அளவு × 14.7 × லாம்ப்டா (உண்மைக் காற்று-பெட்ரோல் விகிதம் ÷ 14.7). எல்லாக் கோணத்திலும் ஒரே சதவீதம் தப்பினால் வெப்பநிலையையோ அழுத்தத்தையோ பாருங்கள். குறைந்த லோடில் மட்டும் பிழை வீங்கினால் தாமத அட்டவணைதான் தப்பு. டிஸ்சார்ஜ் கோஎஃபிசியன்ட்டைத் திருகி அதை மறைக்காதீர்கள், 4000 ஆர்.பி.எம்.மில் அது வேறு பக்கம் இழுக்கும்.